பொன்மணி கட்டிய இருட்டு

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, மக்காச்சோளக் காட்டுக்குள் பிரியும் தார்ச்சாலையில் நடந்தால் உப்போடைப்பட்டி வரும். ஊருக்குள் நுழைந்ததும் முதல் கட்டடம் ‘பொன்மணி லைட் அண்டு சவுண்ட் சர்வீஸ்’. பெயர்ப்பலகையில் இருப்பது மனைவியின் பெயர். பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு மைக்கைத் துடைத்துக்கொண்டிருப்பவர் கணவர் செல்லத்துரை. வெளியூர்க்காரர்கள் முதலில் அவரிடம்தான் போய்ப் பேசுவார்கள். அவர் விரலை மேலே நீட்டுவார். நிமிர்ந்து பார்த்தால் பொன்மணி ஏதாவது ஒரு கம்பத்தின் உச்சியில் குறடும் கையுமாக இருப்பார்.

செல்லத்துரை எனக்கு அண்ணன் முறை. அதனால் பொன்மணி எனக்கு மதினி.

மதினி பிறந்தது கழுகுமலையில். பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போனவர். கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்த சொத்து ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு கூம்புக் குழாய் ஸ்பீக்கர், ஒரு சைக்கிள். கல்யாணமான புதிதில், பக்கத்து ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வேப்பமரத்தில் குழாய் கட்ட ஏறினார் அண்ணாச்சி. பாதி மரத்தில் கிளையைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கொடைக்கு வந்த கூட்டமெல்லாம் கீழே நின்று சிரித்தது. மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்தில் ஏறி, அவரைத் தாண்டிப் போய்க் குழாயைக் கட்டி முடித்துவிட்டு, திரும்பும் வழியில் அவர் காலைப் பிடித்து ஒவ்வொரு கிளையாக வைத்து இறக்கினார்.

“நீங்க கீழ இருந்து பேசுங்க, அது ஒங்களுக்கு நல்லா வரும். மேல உள்ளத நான் பாத்துக்கிடுதேன்” என்றாராம்.

அன்றோடு உயரம் மதினியின் பொறுப்பானது. பேசியவர்கள் பேசத்தான் செய்தார்கள். “பொம்பள கம்பத்துல ஏறுதாளே” என்று ஒருவர் கேட்டதற்கு, “கரண்டுக்கு ஆம்பள பொம்பள தெரியாது வே, ஆரு தொட்டாலும் அடிக்கும். தொடத் தெரிஞ்சவ ஏறுதேன்” என்று கம்பத்திலிருந்தே சொல்லியிருக்கிறார்.

சீரியல் செட்டை அவராகவே கற்றுக்கொண்டார். மூங்கில் சட்டத்தில் குட்டி பல்புகளைக் கோத்து உருவம் செய்வது. தோகை விரிக்கிற மயில், தும்பிக்கையால் தண்ணீர் ஊற்றுகிற யானை. மயில் போர்டை முதன்முதலில் ஏற்றிய கொடைக்குக் கடம்பூரிலிருந்துகூட ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள். வசதியில்லாத வீட்டில் கல்யாணம் என்றால் மதினி கேட்காமலே போய் வாசலில் ஒரு டியூப் லைட் கட்டிவிட்டு வருவார். வெளிச்சம் இல்லாத வாசலில் விருந்தாளி ஏறக் கூடாது. அவருடைய தொழிலுக்கு அது ஒன்றுதான் சட்டம்.

நடுவில் கூம்புக் குழாய் கட்டக் கூடாது என்று போலீஸ் கெடுபிடி வந்தது. எல்லாரும் பெட்டி ஸ்பீக்கருக்கு மாறினார்கள், மதினியும் மாறினார். அதற்குள் அவரிடம் குழாய்கள் ஒரு அறை நிறையச் சேர்ந்திருந்தன. பழைய இரும்பு எடுப்பவர் தேடி வந்து கேட்டும் கொடுக்கவில்லை.

“எதுக்கு மதினி அடைச்சு வச்சிருக்கீய?” என்று நானே கேட்டிருக்கிறேன்.

“கெடக்கட்டும். சோறா கேக்குது?”

நான் பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவள். எங்கேயும் மூன்று மாதத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. சுற்றிய இடங்களில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியவை இருட்டுக்கென்றே ஒதுக்கிய பூங்காக்கள். விளக்கு வெளிச்சம் வானத்தில் ஏறாமல் அங்கே காவல் காக்கிறார்கள். வானியல் படிப்பவர்களுக்கும் படம் வரைபவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் ஒரு அறையும் சாப்பாடும் கொடுத்து, இந்த வானத்தின் கீழ் ஒரு மாதம் தங்கி உன் வேலையைச் செய் என்கிறார்கள். அப்படி இரண்டு இடங்களில் சமையலறைக் கையாளாக நான் தங்கியிருக்கிறேன். பாத்திரம் கழுவிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை குறைந்த, மேகம் குறைந்த, மரமும் குறைந்த எங்கள் கரிசல் காட்டு வானம் இதற்கு எந்த விதத்தில் குறைச்சல் என்று அப்போதே தோன்றியது.

ஊர் திரும்பிய பிறகு, மதுரையில் வானம் பார்க்கும் குழு ஒன்று அதே மாதிரித் தங்குமிடம் தொடங்க இடம் தேடுவதாகத் தெரிந்தது. எழுதிப் போட்டேன். குழுவை நடத்தும் சத்தியபாமா கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருபவர். மாசி அமாவாசையை ஒட்டி ஒரு வாரம் வந்து தங்கி வானத்தின் இருட்டை அளந்து பார்க்கிறோம் என்றார். மேற்கே மலையடிவாரத்தில் இன்னொரு ஊரும் அவர்கள் யோசனையில் இருந்தது. எந்த ஊரில் இருட்டு அதிகமோ அந்த ஊருக்கு ஒவ்வொரு வருடமும் வருவார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் தங்கமாரி அம்மாவிடம் போய் விவரம் சொன்னேன். இருட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள், பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தைக் கூட்டிவைத்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். “சரி தாயி” என்று தலையாட்டினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருந்துக்கு வருகிறவர் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லியனுப்பினால், அவர் பெரிய மனிதர், அவருக்கு நன்றாகச் செய்ய வேண்டும் என்று எடுத்துக்கொள்வோம். ஏழெட்டு வருட அலைச்சலில் நான் அதை மறந்துபோயிருந்தேன்.

மதுரைக்குப் போய் அவர்களை வேனில் கூட்டிக்கொண்டு வந்தேன். பொழுது இறங்கிவிட்டது. பிரிவுச் சாலையில் திரும்பியதும் டிரைவர், “என்ன இங்க கொடையா?” என்றார்.

சாலையின் இரண்டு பக்கமும் டியூப் லைட். வேப்பமரங்களில் பச்சை, சிவப்பு சீரியல். பள்ளிக்கூட மொட்டைமாடியில் போகஸ் லைட். ஊர் வாசலில் பந்தல் வளைவு, அதன் உச்சியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு உருண்டை மஞ்சளாக எரிந்தது. அதைச் சுற்றி வளையங்கள் வெள்ளையும் நீலமுமாக ஓடிக்கொண்டிருந்தன. சனி கிரகம். இரண்டு பெட்டி ஸ்பீக்கர்களிலும் செல்லத்துரை அண்ணாச்சியின் குரல்: “நமது கிராமத்துக்கு வருகை தந்திருக்கும் விண்வெளி விஞ்ஞானிகளை வருக வருக என இரு கரம் கூப்பி…”

சத்தியபாமா வேனிலிருந்து இறங்கி நின்றார். தொலைநோக்கிப் பெட்டியை எடுக்கப் போன இளைஞர் எடுக்காமலே நின்றார். மதினி வளைவிலிருந்து இறங்கி, இடுப்பில் குறடு தொங்க ஓடி வந்தார்.

“வாங்க வாங்க. வளையம் ஓடுதா? கீழ இருந்து பாத்தா நல்லாத் தெரியுதா?”

“அற்புதமா ஓடுது” என்றார் சத்தியபாமா. பொய் சொல்லவில்லை, அந்த அம்மாள் உண்மையிலேயே ரசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, “இன்னைக்கு அளக்க முடியாது, இல்லையா?” என்றார்.

நான் மதினியைத் தள்ளி அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“அணைக்கணுமா? விருந்தாளி வாசல்ல நிக்கும்போதா? ஏட்டி வள்ளி, ஒனக்குக் கிறுக்கா?”

“அவிய இருட்டுக்காகத்தான் மதினி வந்துருக்காவ.”

மதினி என்னைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார். பல நாள் உட்கார்ந்து கோத்த போர்டு. ஜெனரேட்டர் பக்கம் போனார். ஊர் வாசல் அணைந்தது. மைக் பாதி வாக்கியத்தில் நின்றது.

மறுநாள் மாலை சீரியல் ஒன்றுகூட எரியவில்லை. சத்தியபாமா உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவியை வானத்தை நோக்கிப் பிடித்தார். அதில் எண் கூடினால் இருட்டு கூடுதல் என்று பொருள். அது இருபதைத் தாண்டவில்லை. குறைந்தது இருபத்தொன்று வேண்டும். அவர் சுற்றிக் கையைக் காட்டினார். எங்கள் தெருவிளக்குகள் காட்டுப் பக்கமும் வானத்துப் பக்கமும் வெள்ளை வெளிச்சத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. ஊர்க் கிழக்கில் கண்ணுசாமி அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸ் கூரையிலிருந்து ஒரு போகஸ் லைட் அரை மைலுக்கு அடித்தது.

“அமாவாசை வரைக்கும் பார்ப்போம் வள்ளிமயில். இப்படியே இருந்தா நாங்க அந்த மலையடிவாரத்து ஊருக்குப் போறதுதான் சரி.”

செய்தி விடிவதற்குள் டீக்கடைக்குப் போய்விட்டது. ஊர் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டது.

“சனியவா வாசல்ல வைக்க? வெளங்குமா?” என்றார் தலைவர் தங்கமாரி. “ஏம் பொன்மணி, ஒனக்கு வேற கிரகமே கிடைக்கலியா?”

“மத்ததெல்லாம் வெறும் உருண்டை தலைவரம்மா. அதுல எத ஓட விட?”

“சரி, நடந்தது நடந்துபோச்சு. சனிக்கிழம கோயில்ல எள் தீபம் போட்டுருவோம். தோசம் போயிரும்.”

“வெளிச்சம் கூடிப்போச்சுன்னு அவிய போறாவ. அதுக்குப் பரிகாரம் இன்னொரு வெளக்கா?” என்றார் மதினி.

டீக்கடையே சிரித்தது. மதினி சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: “சனி மேல பழியப் போடாதிய. பாவம், அது என்ன செஞ்சுது? இந்த ஊர்ல எரியுத ஒவ்வொரு பல்பும் ஏங்கையால மாட்டுனது. தெரு லைட்டும் நாந்தான், தீப்பெட்டி ஆபீஸ் லைட்டும் நாந்தான். வந்தவிய திரும்பிப் போனாவன்னா பொன்மணி போட்ட வெளிச்சத்தால போனாவ. அப்படி ஒரு பேரு எனக்கு வேண்டாம். அதனால அவிய போக மாட்டாவ.”

சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

முதல் யோசனை, சாயங்காலமானால் தெருவிளக்குகளை அணைத்துவிடுவது. அதை ஊர்ப் பெண்கள் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். கரிசல் வெடிப்புக்குள் பாம்பு கிடக்கிற ஊர். பட்டாசு ஆபீஸ் வேன் இருட்டிய பிறகுதான் பெண்களை இறக்கிவிடுகிறது. “நட்சத்திரத்தப் பாக்க வந்தவியளுக்காக நாங்க பாம்ப மிதிக்கவா?” என்றார்கள். மதினிக்கு அதில் மறுப்பு இல்லை. “கால் வைக்கிற எடத்துல வெளிச்சம் வேணும். அத எடுக்க எனக்கு மனசு வராது.”

நான் பார்த்த பூங்காக்களில் விளக்கே இல்லாமல் இல்லை. எல்லா விளக்குக்கும் தொப்பி இருந்தது. கடை வாசல் மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினேன். மேலே மூடி, பக்கங்களில் மூடி, வாய் தரையைப் பார்த்து. வெளிச்சம் தெருவில் மட்டும் விழும், வானத்துக்கு ஒரு துளி போகாது. ஆனால் அவையெல்லாம் கம்பெனியில் அச்சில் வார்த்தவை. இங்கே எங்கே போய் வாங்குவது, எப்போது வந்து சேரும்?

மதினி குனிந்து என் படத்தைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவைத்திருந்த கூம்புக் குழாய்கள் கடகடவென்று சரிந்து அவர் காலடியில் உருண்டன.

“என்னங்க” என்று கணவரைக் கூப்பிட்டார், “மைக்க வச்சிட்டுத் தகரம் வெட்டுத கத்தரிய எடுங்க.”

குழாய்க்கு உள்ளே இருக்கும் சின்னக் குழாயைக் கழற்றி எறிந்து, கழுத்தைத் தேவைக்கு வெட்டி, வாயைக் கீழே கவிழ்த்துக் கம்பத்தின் கைக் கம்பியில் பட்டையால் இறுக்கினார். பல்பு உள்ளே போய் ஒளிந்துகொண்டது. சோதனைக்கு முதல் கம்பம் தலைவர் வீட்டு வாசல். ஸ்விட்சைப் போட்டதும் தெருவில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. முன்பைவிடப் பளிச்சென்று விழுந்தது, பக்கத்தில் சிதறியதெல்லாம் இப்போது கீழே வந்துவிட்டதே. “ஏ, எறும்பு போறது தெரியுதே” என்றார் தலைவர். பஞ்சாயத்து அனுமதி அந்த எறும்போடு கிடைத்துவிட்டது.

எல்லாம் ஒரே நாளில் கூடிவரவில்லை. பல்பு சூடாகிறது என்று மதினி குழாயின் மேல்பக்கம் துளை போட்டார். அன்று மாலை பார்த்தால் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு வெளிச்சக் கோடு நேரே வானத்துக்குக் கிளம்பியது. “சல்லடையில வானத்தச் சலிக்கியா?” என்று அண்ணாச்சி கேட்டார். மறுபடி ஏறி, துளைக்கு மேல் காற்று போகிற இடைவெளி விட்டு ஒரு தகரக் குல்லா வைத்தார். அடுத்த தொல்லை காற்று. மாசிக் காற்று குழாய் வாயில் புகுந்ததும் தெரு முழுக்க ‘ஊம்ம்’ என்று ஒலித்தது. “போலீஸ் பிடிச்சாலும் ஒம்பொண்டாட்டி குழாய் பாட்ட விட மாட்டாபோல” என்று டீக்கடையில் அண்ணாச்சியைக் கேலி செய்தார்கள். மதினி சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி விளிம்பில் செருகினார். குழாய்கள் வாயை மூடிக்கொண்டன.

மிச்சமிருந்தது கண்ணுசாமி அண்ணாச்சி. ஆபீஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஏம்மா, நீதான ‘நல்லாப் பரவும் அண்ணாச்சி’ன்னு சொல்லி ஏத்துன?”

“நல்லாத்தான் பரவிருச்சு. அந்தா காட்டுல கெடக்குத கிடை ஆட்டுக்கெல்லாம் ஒங்க வெளிச்சந்தான். ஆடு ஒறங்க மாட்டேங்குன்னு மேய்க்குத கீதாரி ஏசுதாரு.”

“கள்ளன் வந்தா ஆரு பொறுப்பு?”

“கள்ளன் வானத்துல இருந்தா எறங்கப்போறான்? தரையிலதான வருவான். வெளிச்சத்தத் தரையில போடுவோம் அண்ணாச்சி. வானத்துக்கு எதுக்குக் காவல்?”

அண்ணாச்சி கூரையைப் பார்த்தார், மேலே பார்த்தார், சிரித்துவிட்டார். “சரி ஏறு. ஆனா முற்றத்துல ஒரு மூலகூட இருட்டாக் கெடக்கக் கூடாது.” மதினி போகஸ் லைட்டின் கழுத்தைத் திருகிச் சுவரோரம் முற்றத்தைப் பார்க்க வைத்து, இருப்பதிலேயே பெரிய குழாயை அதற்கு மாட்டினார்.

அமாவாசையன்று கடைசிக் கம்பத்திலிருந்து மதினி இறங்கும்போது மேற்கில் சிவப்பு வடியத் தொடங்கியிருந்தது. ஊர் மொத்தமும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அறுவடை முடிந்த காட்டில் வந்து நின்றது. வேனிலிருந்து இறங்கிய பட்டாசு ஆபீஸ் பெண்கள்கூட வீட்டுக்குப் போகாமல் தூக்குவாளியோடு வந்துவிட்டார்கள். காட்டிலிருந்து பார்க்க ஊர் இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் தெருவில் ஒரு சிறுமி நடந்து வருவது மட்டும், ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குத் தாண்டித் தாண்டி, தெளிவாகத் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டு நேரம். சத்தியபாமா கருவியை உயர்த்தினார். எல்லாரும் அதையே எட்டிப் பார்த்தார்கள். மதினி மட்டும் கையிலிருந்த குறடைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“இருபத்தொண்ணு.” மறுபடி அழுத்தினார். “இருபத்தொண்ணைத் தாண்டுது.” மூன்றாவது முறையும் பார்த்துவிட்டு மதினியைத் தேடித் திரும்பினார். “அம்மா, நாங்க வேற ஊர் பார்க்கல. இங்கேயே வரோம்.”

விசில் பறந்தது. செல்லத்துரை அண்ணாச்சி எங்கிருந்தோ மைக்கை எடுத்துவிட்டார். “ஊர்ப் பொதுமக்களுக்கு மகிழ்ச்சியான செய்தி. நமது இருட்டு பாஸாகிவிட்டது. இன்றைய இருட்டு அமைப்பு: பொன்மணி லைட் அண்டு சவுண்ட் சர்வீஸ், உப்போடைப்பட்டி.”

“நிறுத்துங்க, மானத்த வாங்காதிய” என்றார் மதினி. ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒன்றும் வருத்தம் இல்லை.

தொலைநோக்கியில் முதலில் பார்க்கச் சொல்லி அவரைத்தான் அழைத்தார்கள். வியாழனும் அதன் நிலாக்களும். “ஒரு உருண்டை, பக்கத்துல நாலு சீரியல் பல்பு. பரவால்ல, வரிசையாத்தான் கட்டிருக்கான்” என்று தொழில்காரர் தொழில்காரரைப் பாராட்டுகிற மாதிரி சொன்னார். பிறகு, “என் சனியக் காட்டுங்க” என்றார்.

“சனி இந்தச் சமயத்துல சூரியனுக்குப் பக்கத்துல போயிடுச்சும்மா. இப்ப ராத்திரியில பார்க்க முடியாது.”

மதினி கண்ணை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். “அப்போ இந்த மாசம் சனி எங்கிட்ட மட்டுந்தான் இருக்கா?”

சத்தியபாமா சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார்.

அடுத்த மாசியில் முதல் தங்கல் நடந்தது. வானியல் ஆராய்ச்சி செய்யும் இருவர், ஒரு ஓவியர், ஒரு கவிதைக்காரர். ஒரு மாதம் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கினார்கள். அந்த மாதம் முழுக்க மதினி சாயங்காலம் தோறும் ஊரைச் சுற்றி வந்தார். எங்காவது ஒரு குழாய் காற்றில் சாய்ந்திருந்தால் ஏறித் திருப்பிவிட்டு வந்தார். சுற்று வட்டாரத்தில் இரண்டு ஊர்கள், எங்களுக்கும் இருட்டு கட்டித் தரணும் என்று ஆள் அனுப்பியிருக்கின்றன. கடைப் பலகையில் இப்போது ‘லைட், சவுண்ட், இருட்டு’ என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. எனக்கும் இந்த ஊரில் மூன்று மாதம் எப்போதோ தாண்டிவிட்டது, நான் கவனிக்கவில்லை.

தங்கியவர்கள் ஊருக்குக் கிளம்பும் கடைசி மாலை. பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மதினி வந்து சத்தியபாமாவின் முன்னால் நின்றார்.

“வரும்போது இருட்டுல வந்தீய, பொறுத்துக்கிட்டேன். வேல முடிஞ்சு போகும்போதும் இருட்டுல அனுப்புனா எனக்கு ஒறக்கம் வராது. ஒரு அரை மணி நேரம்.”

“போடுங்கம்மா” என்றார் சத்தியபாமா.

பந்தல் வளைவின் உச்சியில் சனி எரிந்தது. அதற்கு மேலேயும் மதினி ஒரு நீளத் தகரக் கூரை போட்டு வைத்திருந்தார், வானத்துக்கு ஒரு துளி போகாதபடி. வளையங்கள் வெள்ளையும் நீலமுமாக ஓடின. தலைவர் தங்கமாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாதம் முழுக்க வானத்தையே பார்த்த அந்த நாலு பேரும் தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து, அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“வளையம் ஓடுதா?” என்று வளைவின் மேலிருந்து மதினி கத்தினார்.

“ஓடுது, ஓடுது” என்றார் அண்ணாச்சி கீழே இருந்து, மைக்கில்.